இரண்டாவது மெயிலில் என்ன எழுதுவது?

ஹிஞ்சவாடியிலும் கராடியிலும் வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் தமிழ் இளைஞர்கள் புனேயில் நிறையப் பேர். பாட்டு நன்றாகவே இருக்கும். பதிவும் சுத்தமாக இருக்கும். கோரேகாவ் பார்க்கிலோ முண்ட்வாவிலோ உள்ள ஒரு கிளப்புக்கு, வாசிக்க வாய்ப்புக் கேட்டு மெயில் போடுவார்கள். பதில் வராது. பத்து நாள் கழித்து இன்னொரு மெயில் போகும்: "போன மெயிலைப் பார்த்தீர்களா?" அதற்கும் பதில் வராது. 'இங்கே ஆள் தெரிந்தால்தான் நடக்கும்' என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆள் தெரிந்தால் சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பல நேரங்களில் வாய்ப்பைக் கெடுப்பது அந்த இரண்டாவது மெயில்தான். "பார்த்தீர்களா?" என்ற கேள்வியில் படிப்பவருக்கு ஒரு சேதியும் இல்லை. பார்க்கவில்லை என்றால் சங்கடம். பார்த்துவிட்டு முடிவெடுக்கவில்லை என்றால் இன்னும் சங்கடம். சங்கடப்படுத்தும் மெயிலை யாரும் உடனே திறந்து பதில் எழுதுவதில்லை. ஃபாலோ-அப் மெயிலுக்கு இருக்கும் வேலை ஒன்றுதான்: முதல் மெயில் போன பிறகு உங்கள் பக்கம் என்ன புதிதாக நடந்திருக்கிறது, அதனால் அவருக்கு முடிவெடுப்பது எப்படிச் சுலபமாகிறது என்று சொல்வது. புதிதாக எதுவும் இல்லையென்றால், ஏதாவது நடக்கும்வரை மெயில் அனுப்பாதீர்கள்.

புனேயில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இது இசைக்குப் பழகிய ஊர். தன் குரு சவாய் கந்தர்வரின் நினைவாகப் பாடகர் பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய விழா ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிறது. 2011-இல் ஜோஷி மறைந்த பிறகு அவர் பெயரும் விழாப் பெயரோடு சேர்ந்துகொண்டது. 2010 டிசம்பரில் என்ஹெச்7 வீக்கெண்டர் தொடங்கியதும் இங்கே, கோரேகாவ் பார்க்கில்தான். சுயேச்சை இசைக்குழுக்களுக்கு இந்த நாட்டில் பெரிய மேடை உண்டு என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியது அந்த விழா. அதில் 2015-இல் ஏ.ஆர்.ரஹ்மான் வாசித்தார். கோவாவின் சன்பர்ன் இசைவிழா 2016 முதல் 2018 வரை புனேக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2025 ஜனவரியில் எட் ஷீரன் தன் இந்தியச் சுற்றுப்பயணத்தை இங்கிருந்துதான் தொடங்கினார். மேடைகள் இருக்கும் ஊருக்குத்தான் மெயில்களும் குவியும். உங்கள் மெயில் அந்தக் குவியலுக்குள் கிடக்கிறது.

அதைப் படிக்கும் ஆளின் வாரத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கிளப்பின் புக்கிங்கைக் கவனிப்பவருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு நிகழ்ச்சி நாட்கள். நள்ளிரவு தாண்டித்தான் வீடு. திங்கள் கணக்கு வழக்கு. நிதானமாக மெயில் பார்க்கக் கிடைப்பது செவ்வாய், புதன், வியாழன். அதுவும் காலை ஒன்பது மணிக்கு இல்லை, மதியத்தை ஒட்டித்தான். ஐடி அலுவலக நேரப்படி வெள்ளி மாலை ஆறு மணிக்கு வேலை முடித்த கையோடு அனுப்பும் மெயில், அவர் சவுண்ட் செக்கில் நிற்கும்போது போய்ச் சேரும். திங்கள் மாலை அதன் மேல் ஐம்பது மெயில் ஏறியிருக்கும். ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி 2019-லிருந்து இருக்கிறது. வெள்ளி மாலை எழுதுங்கள், செவ்வாய் மதியம் போகட்டும்.

அவருக்குத் தெரிய வேண்டியவையும் அதிகமில்லை. எந்தத் தேதி? எத்தனை பேர்? என்ன செலவு? உங்களைக் கேட்க யார் வருவார்கள்? மேடையில் நீங்கள் எப்படி ஒலிப்பீர்கள்? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத மெயிலுக்கு அவர் பதில் எழுத வேண்டுமென்றால், முதலில் அவர்தான் உங்களிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். யார் கேட்பார்?

வெளியூர்க் குழு ஒன்றிடமிருந்து வழக்கமாகப் போகும் மெயில் இப்படி இருக்கும்:

"வணக்கம் சார், போன வாரம் ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். பார்த்தீர்களா என்று தெரியவில்லை. நாங்கள் இசையில் மிகுந்த ஆர்வம் கொண்ட குழு. பல வகை இசையையும் கலந்து வாசிக்கிறோம். ஒரு வாய்ப்புக் கொடுத்தால் ஏமாற்ற மாட்டோம். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்."

இதில் தேதி இல்லை, எண்ணிக்கை இல்லை, லிங்க் இல்லை. 'பல வகை இசை' என்று சொல்வது எந்த வகை என்றும் சொல்லாமல் விடுவதற்குச் சமம். ஆர்வம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆர்வம் இல்லாதவர் மெயிலே போட மாட்டார். இதே குழு இப்படி எழுதினால்?

"வணக்கம். 3-ஆம் தேதி எங்கள் பாடல் லிங்க்கை அனுப்பியிருந்தேன், கீழே இருக்கிறது. அதன் பிறகு ஒரு புதுத் தகவல்: நவம்பர் 14, வெள்ளிக்கிழமை மும்பையில் எங்கள் நிகழ்ச்சி உறுதியாகிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை புனேயில் இருப்போம். பயணம், தங்குமிடம் இரண்டும் எங்கள் பொறுப்பு. நாங்கள் நான்கு பேர். தமிழிலும் ஆங்கிலத்திலும் சொந்தப் பாடல்கள், 40 நிமிடம். டிரம்ஸ் மட்டும் உங்களுடையது வேண்டும். போன முறை பானேரில் வாசித்தபோது 60 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். இந்த வீடியோவில் 35-ஆவது விநாடியிலிருந்து பாருங்கள், மேடையில் எடுத்தது. 15 ஒத்துவராவிட்டால் 16, ஞாயிறும் காலியாக இருக்கிறோம். எது சாத்தியம் என்று ஒரு வரி எழுதினால் போதும்."

இந்த மெயிலுக்கு "15 ஓகே", "16 பார்க்கலாம்", "நவம்பர் நிரம்பிவிட்டது" என்று மூன்று பதில்தான் சாத்தியம். மூன்றையும் போனிலேயே ஒற்றை விரலால் அடித்துவிடலாம். பதில் சொல்வதை இவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அதில் இருக்கும் மும்பைத் தகவலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்து ஒரு ஃபாலோ-அப்பில் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி அதுதான். மும்பையையும் புனேயையும் இணைக்கும் எக்ஸ்பிரஸ்வே 94.5 கிலோமீட்டர்தான். வெள்ளி ஓர் ஊர், சனி இன்னோர் ஊர் என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது குழுக்களுக்குக் கட்டுப்படியாகிற ஏற்பாடு. வெளியூர்க் குழுவை அழைக்க ஆகும் செலவு கிளப்புக்கும் மிச்சம். சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்களில் பல புனே வழியாகத்தான் போகின்றன. ஆகவே சென்னை, கோவைக் குழுக்கள் புனேக்கு ஃபாலோ-அப் எழுதும் முன்பே மும்பையில் ஒரு தேதியை உறுதிசெய்துகொள்ளலாம். மும்பையில் தேதி கிடைத்த அன்றுதான் புனேக்கான ஃபாலோ-அப்பை எழுத வேண்டும்.

இந்த மெயிலை முதல் மெயிலுக்கே ரிப்ளை போட்டு அனுப்புங்கள். பழைய லிங்க்கும் பழைய விவரமும் கீழேயே இருக்கும். அவர் தேட வேண்டியதில்லை. ஜிமெயிலில் சப்ஜெக்ட் வரியை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். அதனால் முதல் மெயிலின் சப்ஜெக்டையே யோசித்து எழுத வேண்டும்: 'வாய்ப்புக் கோரி' என்று வேண்டாம், குழுவின் பெயர், ஊர், மாதம் இருந்தால் போதும். இன்னொன்று: முதல் மெயிலிலேயே சப்ஜெக்டுக்கு முன்னால் 'ரீ:' என்று போட்டு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததுபோல் காட்டும் தந்திரத்தைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். முதல் அறிமுகமே பொய்யாகிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் 60 டிக்கெட்டையும் அவர் நம்ப மாட்டார்.

லிங்க் விஷயத்தில் நடக்கும் இழப்பு மனதை வருத்துவது. மாதக்கணக்கில் பதிவு செய்த பாட்டை கூகுள் டிரைவில் ஏற்றி, அனுமதியைத் திறந்துவிட மறந்து அனுப்புகிறார்கள். எதிரில் இருப்பவர் சொடுக்கினால் 'அனுமதி கேளுங்கள்' என்று வருகிறது. அவர் கேட்க மாட்டார்; அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். அனுப்புவதற்கு முன் உங்கள் கணக்கில் நுழையாமல், இன்காக்னிட்டோ ஜன்னலில் அந்த லிங்க்கைத் திறந்து பாருங்கள். சில நாட்களில் காலாவதியாகும் ஃபைல் பரிமாற்ற லிங்க்குகளைப் பிட்ச்சுக்கு, அதாவது வாய்ப்புக் கேட்கும் மெயிலுக்கு, பயன்படுத்தவே கூடாது. பத்தாம் நாள் ஃபாலோ-அப்பைப் பார்த்துவிட்டு அவர் கீழே போய்ச் சொடுக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. பாட்டை இணைப்பாக வைப்பதும் வேண்டாம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது, பதிவுத் தரத்தில் உள்ள ஒரு வேவ் ஃபைல் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சொடுக்கியவுடன் போனில் பாட ஆரம்பிக்கும் ஒரே ஒரு லிங்க் போதும். எட்டுப் பாட்டு அனுப்பினால் எதைக் கேட்பது என்ற முடிவையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

மேடைக்குக் கேட்கும்போது ஸ்டுடியோ பதிவைவிட மேடையில் எடுத்த வீடியோவுக்கே மதிப்பு. போனில் எடுத்ததானாலும் பரவாயில்லை, பாட்டும் கூட்டமும் தெரிய வேண்டும். ப்ளேலிஸ்டுக்கோ விளம்பரத்துக்கோ கேட்டால் இது தலைகீழ்.

ஊரின் நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி கேட்பவர்கள் வீணாக ஒரு வாய்ப்பை இழக்கிறார்கள். கணேஷ் சதுர்த்தியிலிருந்து பத்து நாள் புனே வேறு ஊர். டோல்-தாஷா மேளச் சத்தத்தில் தெருக்களே மேடையாகிவிடும். விசர்ஜன நாளில் மது விற்பனைக்குத் தடை. ஆஷாட ஏகாதசி, காந்தி ஜயந்தி, தேர்தல் நாட்கள் எல்லாம் டிரை டே. பார் வருமானத்தில் ஓடும் ஓர் இடத்துக்கு அந்தத் தேதியைக் குறித்து மெயில் போட்டால், உங்களுக்கு இந்த ஊர் தெரியாது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆஷாட ஏகாதசிக்கு முன் ஞானேஸ்வர், துகாராம் பால்கிகள் (பல்லக்கு ஊர்வலங்கள்) புனேயில் தங்கிச் செல்லும் நாட்களில் பாதி ஊர்ச் சாலைகள் மூடியிருக்கும். அந்த வாரங்களில் ஃபாலோ-அப்பே வேண்டாம். நவம்பர், டிசம்பர் விழாக் காலம். பெரிய விழாக்களின் முக்கியப் பெயர்கள் பல மாதம் முன்பே முடிவாகிவிடும். டிசம்பர் மேடைக்கு நவம்பரில் எழுதுவது காலம் கடந்த வேலை. மழைக்காலத் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு நுணுக்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம். ஒரு காலத்தில் விடிய விடிய நடந்த சவாய் கந்தர்வர் விழாவே இந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. பத்து மணிக்குள் எல்லாம் முடிய வேண்டுமென்றால் நிகழ்ச்சி பிற்பகலிலேயே தொடங்க வேண்டும். வெயில் தாழாத நேரத்தில், கூட்டம் சேர்வதற்கு முன் வாசிக்க யாருக்கும் விருப்பமில்லை. உங்கள் ஃபாலோ-அப்பில் "மாலை 4 மணி ஓப்பனிங் என்றாலும் வருகிறோம், 25 நிமிடத் தொகுப்பு தயாராக இருக்கிறது, மேடை ஏற்பாட்டுக்குப் பத்து நிமிடம் போதும்" என்று எழுதிப் பாருங்கள். விழா ஏற்பாட்டாளருக்கு நிரப்பக் கடினமான இடம் அது. அதை நிரப்பிக்கொடுப்பவரை அவர் அடுத்த ஆண்டும் நினைவில் வைத்திருப்பார்.

எப்படி அழைப்பது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கிளப், விழா வட்டாரத்தில் வயது வித்தியாசம் இருந்தாலும் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் வரிக்கு ஒரு 'சார்' போட்டால் அங்கே ஒட்டாது. சாஸ்திரீய இசை வட்டாரம் அப்படியல்ல. பெரியவர்களுக்குப் 'பண்டிட்ஜி', அமைப்பாளருக்கு 'சர்' அல்லது 'சாஹேப்', தொடக்கத்தில் 'நமஸ்கார்'. அங்கே மெயில் என்பது பதிவுக்காகத்தான். மெயில் அனுப்பிய மறுவாரம் போன் செய்ய வேண்டும், முடிந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், யாரிடம் கற்றீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். சென்னையில் சபாக்களுக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ப்ளேலிஸ்ட் விஷயத்தில் மட்டும் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதன் எடிட்டர்களின் மெயில் முகவரியைத் தேடி அலைவது வீண்வேலை. 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' பக்கத்தில், இன்னும் வெளிவராத பாட்டை, ஒரு நேரத்துக்கு ஒன்றாகச் சமர்ப்பிக்க வேண்டும். வெளியாவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பு சமர்ப்பித்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலிலாவது பாட்டு வந்துவிடும். எடிட்டர் கேட்க நேரம் வேண்டுமென்றால் மூன்று, நான்கு வாரம் முன்பே கொடுப்பது நல்லது. பாட்டைப் பற்றிச் சொல்ல 500 எழுத்துதான் இடம். ஃபாலோ-அப்புக்கு அங்கே வழியே இல்லை. பாட்டு எங்கே பிறந்தது, எந்த வாத்தியம், எந்த ஊரில் கேட்கிறார்கள், வெளியீட்டை ஒட்டி எங்கே வாசிக்கிறீர்கள் என்று திட்டமான தகவல்களால் அந்த 500-ஐ நிரப்புங்கள். உங்கள் பாட்டை ஏற்றும் விநியோக நிறுவனத்துக்கு வேண்டுமானால் ஒரு மெயில் போடலாம். பிட்ச் செய்யும் குழு சில நிறுவனங்களில் உண்டு.

படங்களுக்கு இசையமைக்க விரும்புகிறவர்களுக்குப் புனே தரும் வசதி வேறெந்த ஊரிலும் எளிதில் கிடைக்காது. லா காலேஜ் ரோட்டில், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில், 1960-லிருந்து இயங்கும் திரைப்படக் கல்லூரி எஃப்டிஐஐ இருக்கிறது. 2009-இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அங்கே படித்தவர். இன்று டிப்ளமோ படம் எடுக்கும் மாணவர் பத்து ஆண்டில் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு எழுதும் ஃபாலோ-அப்பில் 'என்னிடம் நிறையப் பாட்டு இருக்கிறது' என்று சொல்லிப் பயனில்லை. முதல் மெயிலுக்குப் பிறகு அவர் படத்தின் கதைச்சுருக்கத்தையோ ஒரு காட்சியையோ கேட்டு வாங்கி, அதற்கென்று 40 விநாடி இசை செய்து அனுப்புங்கள். அதைவிட நல்ல ஃபாலோ-அப் கிடையாது.

விளம்பரம், வெப் சீரிஸ் போன்றவற்றுக்குப் பாட்டுக் கொடுக்கும்போது உரிமை பற்றிய ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "மெட்டு, வரிகள், பதிவு மூன்றும் எங்களுடையவை, அனுமதி ஒரே நாளில் தர முடியும்." அவசரத்தில் பாட்டுத் தேடும் ஏஜென்சிக்கு இந்த வரி பாட்டைவிடவும் முக்கியமாகப் படலாம். வரிகளை நண்பர் எழுதியிருந்தால், கிடாரை இன்னொருவர் வாசித்திருந்தால், யாருக்கு என்ன பங்கு என்று எழுத்தில் வாங்கிவைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவேண்டிய நிலையை மாற்றுவதற்காகத்தான் 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிவிட்டால் அதையும் அந்த வரியோடு சேர்த்துச் சொல்லலாம்.

எத்தனை முறை எழுதலாம்? முதல் மெயிலுக்கு ஏழு முதல் பத்து நாள் கழித்து ஒன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து, புதுச் செய்தி இருந்தால் மட்டும், இன்னொன்று. மூன்றாவது மெயிலில் கதவைத் திறந்துவைத்துவிட்டு விலகுங்கள்: "இந்த சீசன் ஒத்துவரவில்லை என்று புரிந்துகொள்கிறேன். பிப்ரவரியில் எங்கள் புதுப் பாடல்கள் வருகின்றன, அப்போது எழுதுகிறேன்." சொன்னபடி பிப்ரவரியில் எழுதவும் வேண்டும். இடையில் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் அதே கேள்வியைக் கேட்டுத் துரத்தாதீர்கள். மெயிலுக்கு ஆறு மாதம் கழித்துக்கூடப் பதில் வருவதுண்டு. துரத்தி வாங்கிய கெட்ட பெயருக்கு மாற்று கிடையாது. இதற்கெல்லாம் கணக்கு வேண்டும்: யாருக்கு, எந்தத் தேதியில், எதை அனுப்பினோம், அடுத்து எப்போது என்று ஒரு ஷீட். குழுவில் ஒருவர் மட்டும் மெயில் எழுதட்டும். டிரம்மரும் பாடகரும் ஒரே கிளப்புக்குத் தனித்தனியே எழுதி வெவ்வேறு தொகை சொல்வது நடக்கிற விஷயம்தான்.

'இல்லை' என்று பதில் வந்தால் அன்றே இரண்டு வரி நன்றி எழுதுங்கள். பதில் எழுத நேரம் ஒதுக்கியவர் அவர். கடைசி நேரத்தில் ஒரு குழு வராமல் போனால், யாரை அழைக்கலாம் என்று அவர் யோசிக்கும்போது இந்த மரியாதை கைகொடுக்கும்.

'சரி' என்று வந்தால் அதற்கும் ஒரு ஃபாலோ-அப் உண்டு, பலர் எழுதாமல் விடுவது அதைத்தான். போனில் பேசியதை அன்றே மெயிலில் வையுங்கள்: தேதி, சவுண்ட் செக் நேரம், வாசிக்கும் நேரம், தொகை, அது டிடிஎஸ் பிடிப்பதற்கு முன்பா பின்பா, எத்தனை நாளில் பணம் வரும், ரத்தானால் என்ன. கீழே "இது சரிதானா என்று உறுதிசெய்யவும்" என்று ஒரு வரி. உத்யம் பதிவு செய்துகொண்ட சிறு, குறுந்தொழில் செய்பவர்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இசைத்தொழிலைப் பதிவு செய்திருந்தால், பணம் இழுக்கும்போது எழுதும் மெயிலில் பில் எண், தேதி, தொகையோடு பதிவு எண்ணையும் சேர்த்து, புக்கிங் செய்தவருக்கு நகலிட்டு, கணக்குப் பிரிவுக்கு நேரடியாக அனுப்புங்கள். கோபம் காட்டும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம்.

நிகழ்ச்சி முடிந்த இரண்டு நாளுக்குள் அந்த இடத்துக்கு இன்னொரு மெயில் போகட்டும்: கூட்டம் தெரியும் ஒரு நல்ல படம், எத்தனை டிக்கெட் உங்கள் மூலம் போனது, சவுண்ட் இன்ஜினியருக்குப் பெயர் சொல்லி நன்றி, அடுத்து எந்த மாதம் இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்ற தகவல்.